ரேமுக்குப் போன பணம்

அக்கா வீட்டுக் கணினி தொடங்குவதற்கே ஐந்து நிமிடத்துக்கு மேல் பிடித்தது. ‘ரேம் போதாது’ என்று கடையில் சொன்னதைக் கேட்டு, ஓடும் மென்பொருள்கள் தங்கும் அந்தத் தற்காலிக நினைவகத்தை 4 ஜிபியிலிருந்து 8 ஜிபி ஆக்கினார். மந்தம் அப்படியே இருந்தது. நான் போய் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, கணினியின் எந்தப் பாகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். ரேமில் பாதிக்கு மேல் சும்மா கிடந்தது. டிஸ்க்கின் வேலைப்பளு மட்டும் 100 சதவீதத்தில் நின்றது. கோளாறு பழைய ஹார்டு டிஸ்க்கில்.

இந்த ஒரு திரையைப் பார்க்காமல் பணத்தைக் கொட்டுவதைத்தான் பெரிய தவறு என்பேன். கணினி திணறும் நேரத்திலேயே பார்க்க வேண்டும். மெமரி (ரேம்தான்) 90 சதவீதத்தைத் தாண்டினால் ரேமைப் பற்றி யோசிக்கலாம்; அதற்கு முன் பிரவுசரில் திறந்து கிடக்கும் டேப்களை மூடிப் பாருங்கள். சிபியு, அதாவது கணக்கிடும் சிப்பான பிராசசரின் அளவு ஏறினால் அந்தத் தலைப்பைச் சொடுக்குங்கள், எந்த மென்பொருள் அதிகம் உறிஞ்சுகிறது என்று மேலே வந்துவிடும். தொடங்கிய உடனே டிஸ்க் 100 சதவீதம் காட்டுவது பெரும்பாலும் அப்டேட் வேலை. பத்து நிமிடம் கழித்தும் இறங்கவில்லை என்றால்தான் சந்தேகப்பட வேண்டும்.

ஹார்டு டிஸ்க்கில் சுழலும் தட்டின் மேல் ஒரு முள் நகர்ந்து நகர்ந்து படிக்கிறது. விண்டோஸோ தொடங்கும்போது அங்கங்கே சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைக் கேட்கிறது. அதற்குப் பதிலாகப் போடும் சிப் வகைச் சேமிப்பகமான எஸ்எஸ்டியில் நகரும் பாகமே இல்லை. பழைய கணினிக்கு ஒரே ஒரு செலவுதான் செய்ய முடியும் என்றால், பெரும்பாலும் அது எஸ்எஸ்டியாகத்தான் இருக்க வேண்டும்.

ஆனால் ஹார்டு டிஸ்க் ‘டிக் டிக்’ என்று சத்தமிட்டாலோ, ஒரு படத்தைத் திறக்கவே முடியாமல் தவித்தாலோ, அது சாகும் நிலையில் இருக்கலாம். அப்போது சிதறிய கோப்புகளை ஒழுங்குபடுத்தும் டிஃப்ராக்கை ஓட்டுவதும், எல்லாவற்றையும் அழிக்கும் ஃபார்மட்டைச் செய்வதும் கொடுமை. முதல் வேலை, குடும்பப் படங்களை வெளியே எடுப்பது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்: சி டிரைவில் இருப்பதை டி டிரைவில் நகலெடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். வீட்டுக் கணினிகளில் அநேகமாக இரண்டும் ஒரே டிஸ்க்கின் இரு பகுதிகள். டிஸ்க் போனால் இரண்டும் சேர்ந்தே போகும். நகல் தனி டிஸ்க்கிலோ பென்டிரைவிலோ இருக்க வேண்டும்.

‘ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்து வேகமாக்குகிறோம்’ என்னும் மென்பொருள்களைத் தொடாதீர்கள் (ரெஜிஸ்ட்ரி என்பது விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் இடம்). அவற்றைப் பயன்படுத்துவதை மைக்ரோசாஃப்ட் நிறுவனமே ஆதரிப்பதில்லை. இரண்டு ஆன்டிவைரஸ் போட்டால் இரட்டைப் பாதுகாப்பு என்று எண்ணுவதும் வீண். திறக்கிற ஒவ்வொரு கோப்பையும் இரண்டும் சோதிக்கும். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் கூடவே வருகிறது.

சி டிரைவ் நிரம்பினால் விண்டோஸ் ஃபோல்டருக்குள் போய்க் கையால் அழிக்காதீர்கள். செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பகுதிக்குள் தற்காலிகக் கோப்புகளை நீக்கும் வசதி இருக்கிறது. அந்தப் பட்டியலில் டவுன்லோட்ஸ் என்றும் ஒரு வரி இருக்கும். உள்ளே என்ன வைத்திருக்கிறோம் என்று பார்க்காமல் அதில் டிக் செய்ய வேண்டாம்.

மடிக்கணினியை மெத்தை மேல் வைத்துப் பயன்படுத்துவதையும் விடுங்கள். காற்று போகும் துளை அடைபட்டுச் சூடு ஏறினால், பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

இன்னொன்று, தினமும் ஷட் டவுன் செய்கிறோமே, ரீஸ்டார்ட் எதற்கு என்பார்கள். விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி இருக்கிறது. அது இயங்குகிற கணினிகளில், அணைக்கும்போது இயங்குதளத்தின் உட்கருவை டிஸ்க்கில் சேமித்து மறுநாள் அதையே எடுத்துக்கொள்ளும். புதிதாகத் தொடங்க வேண்டுமென்றால் ரீஸ்டார்ட்தான் கொடுக்க வேண்டும். கடைக்குத் தூக்கிப் போகும் முன் அதைச் செய்து பாருங்கள்.