செட் கெடவில்லை, ஒயரைப் பாருங்கள்: காரில் மியூசிக் பிளேயர் மாட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காட்பாடியில் கிளம்பி ஏலகிரிக்குப் போகிறீர்கள். பிளேயர் நிறையப் பாட்டு, காரில் கம்பெனியே வைத்துக் கொடுத்த செட், இரண்டுக்கும் நடுவில் ஒரு ஒயர். பள்ளிகொண்டா டோல்கேட் வருவதற்குள் ‘கீ…’ என்று ஒரு சத்தம் சேர்ந்துகொள்கிறது. இல்லையென்றால் ஒரு பக்க ஸ்பீக்கர் ஊமையாகிவிடுகிறது. உடனே எல்லாரும் எடுக்கிற முடிவு, செட்டை மாற்றிவிடலாம் என்பதுதான். புது செட் போட்ட பிறகும் அதே ‘கீ’ வரும். ஏனென்றால் கோளாறு பெரும்பாலும் செட்டிலும் இருக்காது, பிளேயரிலும் இருக்காது. இரண்டும் சேருகிற இடத்தில் இருக்கும்.

பாட்டு வருகிறது, குரல் வரவில்லை

பிளேயரின் பாட்டைக் கார் செட்டுக்குக் கொண்டுபோகும் ஒயருக்குப் பெயர் ஆக்ஸ் ஒயர். அதன் பின்னைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பாருங்கள். உலோகத்தின் மேல் கறுப்பு வளையங்கள் தெரியும். இரண்டு வளையம் இருந்தால் அது மூன்று தொடர்பு உள்ள சாதா ஸ்டீரியோ பின்: நுனி இடது சேனல், நடுப்பகுதி வலது சேனல், அடிப்பகுதி எர்த். மூன்று வளையம் இருந்தால் நான்கு தொடர்பு. மைக் வைத்த ஹெட்செட்டுக்கான பின் அது. இரண்டுமே 3.5 மி.மீ. தடிமன்தான், இரண்டும் ஒரே ஓட்டையில் நுழையும். கடையில் ‘ஆக்ஸ் ஒயர் கொடுங்க’ என்றால் கைக்கு எது வருகிறதோ அதை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள்.

நான்கு தொடர்பு பின்னில் எர்த் இருக்கும் இடம் வேறு. பெரும்பாலான போன்களின் முறைப்படி அடிப்பகுதி மைக்குக்குப் போய்விடும். எர்த் அதற்கு முந்தைய உலோகப் பகுதியில் இருக்கும். கார் செட்டின் ஓட்டைக்குள் உள்ள எர்த் தகடு அடிப்பகுதியைத் தேடுகிறது, அங்கே எர்த் இல்லை. அப்போது ஒரு விசித்திரம் நடக்கும். வயலின், தபலா, எதிரொலி எல்லாம் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். பாடகர் குரல் மட்டும் காணாமல் போயிருக்கும். ஸ்டீரியோ பதிவில் குரல் இடது, வலது இரண்டிலும் ஒரே அளவில் இருக்கிறது, வாத்தியங்கள் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்திருக்கின்றன. எர்த் விட்டுப்போனால் இரண்டு சேனலுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே ஸ்பீக்கருக்குப் போகும். இரு பக்கமும் சமமாக இருக்கும் குரல் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு மறைந்துவிடும்.

பின் முழுதாக உள்ளே போகாவிட்டாலும் இதே கதைதான். பிளேயருக்குத் தடித்த ரப்பர் கவர் போட்டிருந்தால், பின்னின் பிளாஸ்டிக் தலை கவரில் முட்டி ஒரு மில்லிமீட்டர் வெளியே நிற்கும். கவரைக் கழற்றிவிட்டு ‘டிக்’ என்று உட்காரும்வரை அழுத்திப் பாருங்கள். கார் பக்கத்து ஓட்டையில் தூசி அடைந்திருந்தாலும் பின் நிற்காது. இக்னிஷனை அணைத்துவிட்டுப் பல்குத்தும் மரக்குச்சியால் எடுங்கள். ஊசி, ஹேர்பின் வேண்டாம், உள்ளே இருக்கும் தகடு வளைந்துவிடும்.

ஓட்டை கியர் லீவருக்குப் பக்கத்தில் இருந்தால் ‘எல்’ வடிவப் பின் வாங்குங்கள். நேர்ப் பின்னில் கை தட்டித் தட்டியே ஓட்டை தளர்ந்துபோகும். ஒயர் 1 மீட்டர் போதும். 3 மீட்டர் ஒயரைச் சுருட்டிப் போட்டால் அது ஒருநாள் பிரேக் பெடலுக்கு அடியில் கிடக்கும்.

ஹெட்போன் ஓட்டை இல்லாத போன் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு பொறி உண்டு. டைப்-சி முனையிலிருந்து 3.5 மி.மீ.க்கு மாற்றும் குட்டி ஒயர்கள் பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் இரண்டு ரகம். ஒன்றுக்குள் டிஜிட்டல் சிக்னலை ஒலியாக மாற்றும் சிப் இருக்கும், மற்றொன்றில் வெறும் கம்பிதான். வெறும் கம்பி ரகம், அந்த முனை வழியாகவே ஒலி அனுப்பும் சில போன்களில் மட்டும் வேலை செய்யும். மற்றவற்றில் மாட்டினால் ஒன்றும் கேட்காது. சிப் உள்ள ரகத்தின் உறைமேல் ‘டேக்’ (DAC) என்று போட்டிருக்கிறதா, வாங்கும்போது பாருங்கள். உங்கள் போனையே கடையில் மாட்டிப் பார்த்து வாங்குவது இன்னும் நல்லது.

‘கீ…’ சத்தத்தைக் கேட்டு நோயைக் கண்டுபிடிப்பது

இதில்தான் வீண் செலவு அதிகம். எல்லா இரைச்சலும் ஒன்றல்ல. காது கொடுத்துக் கேட்டால் காரணம் தானே தெரியும்.

ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க ஏறி, விட்டால் இறங்கும் ‘கீ’, இன்ஜின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரிலிருந்து வருவது. பிளேயர் லைட்டர் சாக்கெட்டில் சார்ஜ் ஏறிக்கொண்டே ஆக்ஸிலும் மாட்டியிருந்தால், செட்டுக்கும் பிளேயருக்கும் நடுவே எர்த் இரண்டு பாதையில் இணைகிறது: சார்ஜர் வழியாக ஒன்று, ஆக்ஸ் ஒயர் வழியாக இன்னொன்று. இரண்டு எர்த்துக்கும் நடுவில் உள்ள சின்ன வோல்டேஜ் வித்தியாசம் ஆக்ஸ் ஒயரில் ஓடி, அது ஸ்பீக்கரில் சத்தமாகிறது. சோதிக்க ஒரு நிமிடம் போதும். சார்ஜரைப் பிடுங்குங்கள். சத்தம் நின்றால் காரணம் அதுவேதான். இன்ஜினை அணைத்து, சாவியை ஏ.சி.சி. நிலையில் மட்டும் வைத்துக் கேட்டாலும் சத்தம் இருக்காது.

இதற்கு மருந்து கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர். தீப்பெட்டி அளவுச் சாமான், சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். உள்ளே சேனலுக்கு ஒன்றாக இரண்டு சின்ன டிரான்ஸ்பார்மர் இருக்கும். பாட்டு காந்தப்புலம் வழியாகக் கடந்துபோகும், எர்த் கம்பி மட்டும் நடுவில் அறுந்துவிடும். அதை ஆக்ஸ் ஒயருக்கு நடுவில்தான் போட வேண்டும், ஸ்பீக்கர் ஒயரில் போடக்கூடாது. மலிவான ரகத்தில் அடித்தொனி கொஞ்சம் மெலியும். அது பிடிக்காதவர்கள் பிளேயரை வீட்டிலேயே முழு சார்ஜ் ஏற்றிக்கொண்டு கிளம்பினால் ஐசொலேட்டரே வேண்டாம்.

இன்ஜின் வேகம் எப்படி இருந்தாலும் மாறாமல் ஒரே சுருதியில் இழுக்கும் சத்தம் மட்டமான சார்ஜரின் வேலை. 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக இறக்கும் சர்க்கியூட் சரியாக வடிகட்டவில்லை என்று பொருள். சார்ஜரை மாற்றுங்கள். ஒயரை அசைத்தால் மட்டும் ‘கரகர’ என்றால் பின்னோ ஓட்டையோ தேய்ந்துவிட்டது. கால் வருவதற்கு ஒரு நொடி முன்னால் ‘டிட்டி-டிட்டி-டிட்டி’ என்று அடித்தால் அது போனின் அலை ஆக்ஸ் ஒயரில் ஏறுவது. போனை ஒயரிலிருந்து ஓர் அடி தள்ளி வைத்தாலே அடங்கிவிடும்.

ஆக்ஸில் மாட்டும் புளூடூத் ரிசீவர் வாங்கியவர்கள் ‘ஒயரே இல்லையே, அப்புறம் ஏன் கீ?’ என்று குழம்புவார்கள். அந்த ரிசீவர் கரண்ட் எடுப்பது கார் யூ.எஸ்.பி.யில், பாட்டைக் கொடுப்பது ஆக்ஸில். எர்த் மறுபடியும் இரண்டு பாதை.

வால்யூம்: யார் ஏற்ற வேண்டும், யார் இறக்க வேண்டும்

பிளேயரில் வால்யூமைக் குறைத்து வைத்துவிட்டு செட்டில் முழுக்கத் திருப்புவது பரவலான பழக்கம். அப்படிச் செய்தால் செட் பாட்டோடு சேர்த்து இரைச்சலையும் பெருக்கிக் கொடுக்கும். அந்த நிலையிலேயே ரேடியோவுக்கு மாற்றினால் காது கிழியும். மாறாக பிளேயரை 100 சதவீதத்தில் வைத்தால் ஹெட்போன் வெளியீடே சில பிளேயர்களில் பிசிறத் தொடங்கும், அந்தப் பிசிறை செட்டால் சரிசெய்ய முடியாது. பிளேயரை 75 முதல் 80 சதவீதத்தில் நிறுத்திவிட்டு, மிச்சத்தை செட்டின் குமிழில் பார்த்துக்கொள்ளுங்கள். லைன்-அவுட் (ஹெட்போனுக்கு அல்லாமல் வேறு செட்டுக்கு ஒலி கொடுப்பதற்கான தனி ஓட்டை) உள்ள பிளேயராக இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். ஈக்குவலைசர் ஒரு இடத்தில் மட்டும் இருக்கட்டும். பிளேயரிலும் ‘பேஸ் பூஸ்ட்’, செட்டிலும் ‘பேஸ் பூஸ்ட்’ என்றால் கதவு அதிரும், பாட்டு புரியாது.

யூ.எஸ்.பி. ஓட்டையில் குத்தினால் பாடாதா?

பாடும், ஆனால் நிபந்தனைகள் உண்டு. முதலில் ஒயர். யூ.எஸ்.பி. ஒயருக்குள் கரண்டுக்கு இரண்டு கம்பி, டேட்டாவுக்கு இரண்டு கம்பி வேண்டும். சில மலிவு ஒயர்களில் கரண்ட் கம்பி மட்டும்தான்; சார்ஜ் ஏறும், பாட்டு வராது. இரண்டு ஓட்டை உள்ள கார்களில் ஒன்று சார்ஜுக்கு மட்டுமே இருக்கலாம். பின்சீட்டுப் பக்கம் இருப்பது பெரும்பாலும் அந்த ரகம்.

அடுத்து, ஆண்ட்ராய்டு போனும் பல மியூசிக் பிளேயர்களும் கம்ப்யூட்டரோடு பேசுவது எம்.டி.பி. முறையில். சாதாரண கார் செட்டுக்குப் புரிவது பென்டிரைவின் மாஸ் ஸ்டோரேஜ் முறை. பிளேயரின் செட்டிங்கில் மாஸ் ஸ்டோரேஜ் அல்லது எம்.எஸ்.சி. என்று இருந்தால் அதற்கு மாற்றுங்கள். இல்லையென்றால் பாட்டுகளை ஒரு பென்டிரைவில் ஏற்றிவிடுவதே சுருக்கமான வழி.

அந்தப் பென்டிரைவை ஃபேட் 32 முறையில் ஃபார்மட் செய்யுங்கள். 64 ஜி.பி. பென்டிரைவ் கடையிலிருந்து வரும்போதே எக்ஸ் ஃபேட்டில் இருக்கலாம், பழைய செட்டுகள் அதைப் படிக்காது. விண்டோஸின் வழக்கமான ஃபார்மட் பெட்டி 32 ஜி.பி.க்கு மேல் ஃபேட் 32-ஐக் காட்டாமல் இருப்பதால், பலர் என்.டி.எஃப்.எஸ்.ஸில் ஃபார்மட் செய்துவிட்டுத் திண்டாடுகிறார்கள். 16 அல்லது 32 ஜி.பி. வாங்கிவிட்டால் இந்தத் தலைவலியே இல்லை. எம்.பி.3 எல்லாச் செட்டிலும் ஓடும். ஃபிளாக் (FLAC) வகைப் பாட்டு ஓடுமா என்று செட்டின் கையேட்டைப் பாருங்கள். ஒரு போல்டரில் எத்தனை பாட்டு என்ற வரம்பும் அங்கேயே இருக்கும்.

பாட்டின் பெயரைத் தமிழில் எழுதி வைத்தால் பல செட்டுகள் கட்டம் கட்டமாகக் காட்டும். எழுத்துரு உள்ளே இல்லை, அவ்வளவுதான். வேறு வழியில்லாமல் ஆங்கில எழுத்தில் எழுத வேண்டியதுதான். வரிசை மாறி ஒலித்தால் கவலைப்படாதீர்கள். சில செட்டுகள் அகர வரிசையைப் பார்ப்பதில்லை, பென்டிரைவில் ஏற்றப்பட்ட வரிசையில் பாடும். பெயருக்கு முன்னால் 01, 02 என்று எண் போட்டு, அதே வரிசையில் காப்பி செய்யுங்கள்.

எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர்

பிளேயரின் பாட்டை எஃப்.எம். அலையாகக் கார் ரேடியோவுக்கு அனுப்பும் குட்டிக் கருவி இது. ஆக்ஸும் யூ.எஸ்.பி.யும் இல்லாத பழைய காருக்குக் கைகொடுக்கும். தவறு நடப்பது அலைவரிசையைத் தேர்ந்தெடுப்பதில். 91.1, 92.7, 93.5, 98.3 ஆகிய நான்கிலும் சென்னையிலும் நிலையம் உண்டு, பெங்களூரிலும் உண்டு. வேலூர் இரண்டுக்கும் நடுவில். ஊருக்குள் காலியாகத் தெரிந்த எண்ணை வைத்துக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர் பக்கமோ ஓசூர் பக்கமோ போனால், உங்கள் பாட்டுக்கு மேல் ஆர்.ஜே. பேசத் தொடங்குவார். முதலில் ரேடியோவைக் கையால் திருப்பி, பேச்சின் சாயல்கூட இல்லாமல் வெறும் ‘ஸ்ஸ்’ மட்டும் கேட்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். இரு பக்கமும் 0.4 மெகாஹெர்ட்ஸ் அளவுக்காவது காலியாக இருக்க வேண்டும். அதற்குப் பிறகு டிரான்ஸ்மிட்டரை அந்த எண்ணில் வையுங்கள். இப்படி மூன்று எண்களைச் செட்டில் பதிந்து வைத்தால் வழியில் மாற்றிக்கொள்ளலாம்.

கேசட் போலவே டெக்குக்குள் நுழைந்து, ஒயர் வழியாகப் பிளேயரின் பாட்டைக் கொடுக்கும் கேசட் அடாப்டர் இன்னும் சிலரிடம் இருக்கிறது. டெக்கின் ஹெட்டை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்துவிட்டுப் போடுங்கள். ஒலி மந்தமாக இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் அந்த அழுக்குதான்.

புளூடூத்தில் கால் வருகிறது, பாட்டு வரவில்லை என்றால் போனின் புளூடூத் செட்டிங்கில் கார் பெயரைத் தொட்டு ‘மீடியா ஆடியோ’ ஆனில் இருக்கிறதா பாருங்கள். அது அங்கே இல்லவே இல்லையென்றால் உங்கள் செட் பேசுவதற்கு மட்டுமே செய்யப்பட்டது. புது போன் சேரவே மறுத்தால் செட்டின் பட்டியல் நிறைந்திருக்கும். பழைய பெயர்களை அழியுங்கள்.

செட்டைக் கழற்றி ஒயர் இழுப்பவர்களுக்கு

பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றாமல் கை வைக்காதீர்கள். பல கார்களுக்கு 10 மி.மீ. ஸ்பேனர் போதும். அதற்கு முன் செட்டுக்கு ரகசியக் கோடு (code) எண் உண்டா என்று பாருங்கள். சில செட்டுகள் கரண்ட் போய் வந்ததும் கோடு கேட்டுப் பூட்டிக்கொள்ளும்.

வெளியில் வாங்கிய செட்டுகளில் வழக்கமாக மஞ்சள் ஒயர் எப்போதும் 12 வோல்ட், சிவப்பு சாவி திருப்பினால் மட்டும், கறுப்பு எர்த். மஞ்சளையும் சிவப்பையும் மாற்றிக் கொடுத்தால், ஒவ்வொரு முறை சாவியை எடுக்கும்போதும் ஸ்டேஷன் நினைவெல்லாம் அழிந்துபோகும். இரண்டையும் சேர்த்து நேரே பேட்டரிக்குக் கொடுத்தால் செட் அணையாமல் கிடந்து, சில நாளில் வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய வேண்டிவரும்.

செட்டின் பின்னால் உள்ள சிவப்பு, வெள்ளை ஆர்.சி.ஏ. ஓட்டைகள் பெரும்பாலும் ஆம்பிளிஃபயருக்குப் போகும் வெளியீடுகள். அதில் பிளேயரை மாட்டினால் எதுவும் கேட்காது. ‘ஆக்ஸ் இன்’ என்று எழுதியதில் மட்டும் மாட்டுங்கள்.

செட்டையே கொன்றுவிடும் தவறு ஒன்று இருக்கிறது: ஆக்ஸ் எர்த்தை ஸ்பீக்கரின் நெகட்டிவ் ஒயரோடு முறுக்குவது, அல்லது ஸ்பீக்கர் நெகட்டிவைப் பாடியில் கொடுப்பது. இன்றைய செட்டுகளில் ஸ்பீக்கரின் இரண்டு ஒயரிலும் சுமார் 6 வோல்ட் நிற்கிறது. பெயர்தான் நெகட்டிவ், அது எர்த் கிடையாது. பாடியைத் தொட்டால் உள்ளே இருக்கும் ஆம்பிளிஃபயர் ஐ.சி. போய்விடும்.

வெயில்

மரமில்லா மலை என்று நம் வேலூரைக் கேலி பேசுவார்கள். மே மாதத்தில் அந்தப் பாறைச் சூட்டில் கோட்டை எதிரே கண்ணாடியை ஏற்றிவிட்டு நிறுத்திய காரின் டேஷ்போர்டு 60 டிகிரியை எளிதாகத் தாண்டும். ஐபாட் போன்ற லித்தியம் பேட்டரி பிளேயர்களை 45 டிகிரிக்கு மேல் வைக்கக்கூடாது என்பது தயாரிப்பாளர் விதித்த வரம்பு. காரைவிட்டு இறங்கும்போது பிளேயரைப் பையில் எடுத்துப் போங்கள். பென்டிரைவ் மட்டும் இருந்தால் பரவாயில்லை, அதில் பேட்டரி இல்லை. பிளேயரின் பின்மூடி லேசாக உப்பியோ திரை ஓரம் தூக்கியோ தெரிந்தால் அமுக்கிப் பார்க்காதீர்கள், சார்ஜும் போடாதீர்கள். பேட்டரி மாற்றும் கடைக்கு அப்படியே கொண்டுபோய்க் கொடுங்கள்.