வயதான, நோயுள்ள நாயை வீட்டுக்கு அழைத்து வருவதற்கு முன்னும் பின்னும்

வயதான நாயைத் தத்தெடுக்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: காலை ஆறு மணிக்கும் இரவு ஒன்பது மணிக்கும் உங்கள் வீட்டில் தவறாமல் யார் இருப்பார்கள்? நோயுள்ள நாயை வேளைக்கு வேளை கவனிக்க ஒரு ஆள் வேண்டும். அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது நங்கநல்லூரில் ஸ்வீட்டியோடு இருக்கிறேன். பொமரேனியன் என்று நாம் சொல்லும் வெள்ளை ஸ்பிட்ஸ். இதய வால்வு பழுது, பல் பாதி இல்லை.

முதலில் ஃபாஸ்டராக, அதாவது தற்காலிகமாகப் பார்த்துக்கொள்ள எடுங்கள். தத்து பிறகு. சென்னையில் ப்ளூ கிராஸ் போன்ற பெரிய காப்பகங்களிலும், தனியாக நாய்களை மீட்கும் தன்னார்வலர்களிடமும் வயதான நாய்கள் எப்போதும் இருக்கும். குட்டிகளைக் கேட்டு வருகிறார்கள். கிழட்டு நாய்கள் தங்கிவிடுகின்றன. வளர்த்த நாயைத் தெருவில் விடுவது 1960-ம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவின்படி குற்றம். அப்படியும் நோய் என்று தெரிந்ததும் கோயில் வாசலில் கட்டிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். இதை எழுதும்போதே எனக்குக் கோபம் வருகிறது.

ஃபாஸ்டர் எடுக்கும் முன் சில விஷயங்களை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மருத்துவச் செலவு யாருடையது? எந்த டாக்டர்? நடுராத்திரியில் மூச்சுத் திணறினால் யாரைக் கூப்பிடுவது? அறுவை சிகிச்சைக்கோ, கடைசியில் ஊசி போட்டு நிரந்தரமாகத் தூங்க வைப்பதற்கோ யார் முடிவெடுப்பது? கேட்கச் சங்கடமாக இருக்கும். கேளுங்கள்.

வந்ததும் முழுப் பரிசோதனை. தனியார் மருத்துவமனை கட்டுப்படியாகாதவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. காலையிலேயே போய்விட வேண்டும். ரத்த அணுக்கள், உண்ணிக் காய்ச்சல், சிறுநீரகம், ஈரல், சர்க்கரை எல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். சிறுநீர்ப் பரிசோதனையை விடாதீர்கள். சிறுநீரகத்தின் வேலையில் முக்கால்வாசி போன பிறகுதான் ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவு ஏறும்; சிறுநீர் நீர்த்துப்போவது அதற்கு முன்பே தெரிந்துவிடும். இதயத்தில் முணுமுணுப்புச் சத்தம் இருப்பதாக டாக்டர் சொன்னால் எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுக்க வேண்டும். பல் சுத்தம் செய்வதற்கும் மயக்க மருந்து கொடுப்பார்கள் என்பதால் அதற்கு முன் இது அவசியம். கண்மணி நீலம் பூத்திருந்தால் உடனே கண்புரை என்று முடிவு கட்டாதீர்கள். வயதில் அப்படி ஆவது உண்டு. பார்வை பெரும்பாலும் இருக்கும்.

கருத்தடை செய்யாத பெண் நாய் என்றால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். தீட்டு முடிந்து ஒன்றிரண்டு மாதத்துக்குள் அதிகம் தண்ணீர் குடித்து, வாந்தி எடுத்து, சோர்ந்து படுத்தால் கர்ப்பப்பையில் சீழ் பிடித்திருக்கலாம். கசிவு வெளியே தெரியாமலும் இருக்கும். அன்றைக்கே டாக்டரிடம் ஓட வேண்டும்.

வீட்டில் ஏற்கனவே நாய் இருந்தால் இரண்டு வாரமாவது தனி அறை, தனித் தட்டு. தரையில் டைல்ஸ் இருந்தால் மூட்டுவலி நாய்க்கு அதுதான் முதல் எதிரி. பின்னங்கால் வழுக்கி விரிந்துவிடும். விலை உயர்ந்த படுக்கையை விட, அது நடக்கும் வழியெல்லாம் ரப்பர் மிதியடியோ கோணிப்பையோ விரிப்பது உபயோகம். கழுத்துப்பட்டை வேண்டாம், மார்புப்பட்டை போடுங்கள். சிறிய இன நாய்களுக்கு வயதானால் மூச்சுக்குழாய் தளர்ந்திருக்கும். கழுத்தை இழுத்தால் வாத்து கத்துவது போல இருமும். எழுந்திருக்க முடியாத நாயை இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வையுங்கள். படுக்கைப்புண் வருவது வேகம், ஆறுவது தாமதம். வார்டில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இப்போது நோட்டு. நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். சாப்பாடு, தண்ணீர், சிறுநீர், மலம், மாத்திரை கொடுத்த நேரம். இதய நோயாளி என்றால், நன்றாகத் தூங்கும்போது மூச்சை எண்ணி எழுதுங்கள். மார்பு ஒருமுறை ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. அரை நிமிஷம் எண்ணி இரட்டித்தால் போதும். நிமிஷத்துக்கு 30-க்குள் இருக்க வேண்டும். மறுபடி எண்ணியும் அதற்கு மேலே போனால் நுரையீரலில் நீர் சேர்கிறது என்று சந்தேகித்து டாக்டருக்கு போன் செய்யுங்கள். ஸ்வீட்டிக்கு ஒருமுறை இருமல் தொடங்கும் முன்பே இந்த எண் ஏறிவிட்டது. மருந்தின் அளவை அப்போதே கூட்டினார்கள். வெப்பநிலை 101 முதல் 102.5 ஃபாரன்ஹீட் வரை சாதாரணம். மனிதக் கணக்கில் காய்ச்சல் என்று பயந்துவிடாதீர்கள். ஈறு இளஞ்சிவப்பாக இருக்கிறதா என்று தினம் உதட்டைத் தூக்கிப் பாருங்கள். வெளுத்தால் உண்ணிக் காய்ச்சலோ, உள்ளே ரத்தக் கசிவோ இருக்கலாம்.

மாத்திரைகளில் விதிகள் உண்டு. பிமோபெண்டான் என்ற இதய மருந்தை வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு கொடுப்பார்கள். உண்ணிக் காய்ச்சலுக்குப் பெரும்பாலும் நாலு வாரம் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் தருவார்கள். அதைத் தயிரில் ஒளித்துக் கொடுக்காதீர்கள், மருந்து சரியாகச் சேராது. கொடுத்ததும் கொஞ்சம் உணவோ தண்ணீரோ உள்ளே போக வேண்டும். இல்லையென்றால் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாகும். நீர் பிரியும் மாத்திரை சாப்பிடும் நாய் வீட்டில் சிறுநீர் கழித்தால் திட்டாதீர்கள், தண்ணீரையும் குறைக்காதீர்கள். முக்கியமாக, நம் வீட்டு வலி மாத்திரை எதையும் நீங்களாகக் கொடுக்கக் கூடாது. ஐபுரூஃபன், டைக்ளோஃபினாக் இரண்டும் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் அழிக்கும்.

சாப்பாட்டில் நம்மவர்கள் பாசத்தைக் காட்டுவது பிஸ்கட்டில்தான். இதய நோய்க்கு உப்பு ஆகாது; பிஸ்கட், அப்பளம், சாம்பார் சாதம் எல்லாம் உப்பு. வெங்காயமும் பூண்டும் ரத்த அணுக்களைச் சிதைக்கும், திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். சிறுநீரக நாய்க்குப் பாஸ்பரஸ் குறைய வேண்டும். முட்டையில் வெள்ளைக்கரு கொடுக்கலாம், மஞ்சளில்தான் பாஸ்பரஸ் அதிகம். முதல் சில நாள் சரியாகச் சாப்பிடாமல் மூலையில் படுத்திருக்கும். தண்ணீர் குடித்தால் பொறுங்கள். ஒரு நாள் முழுக்க எதையுமே தொடாவிட்டால் பொறுக்க வேண்டாம்.

கத்திரி வெயிலில் நடை காலை ஆறுக்கு முன்னால், அதுவும் கொஞ்ச தூரம். வெடிச் சத்தத்தைச் சமாளிக்க, தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பே டாக்டரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மாதம் நோட்டை எழுதிய பிறகு அதை எடுத்துப் படியுங்கள். எத்தனை வேளை மருந்து தவறியது, ஏன் தவறியது, செலவு என்ன ஆனது என்று அதிலேயே இருக்கும். தவறிய வேளைகள் அதிகமாக இருந்தால் ஃபாஸ்டராகவே தொடருங்கள், நல்ல வீடு தேடிக் கொடுங்கள். அதுவும் பெரிய உதவி. சமாளிக்க முடிகிறது என்றால் தத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுங்கள், ரேபிஸ் தடுப்பூசிச் சான்றோடு மாநகராட்சி உரிமம் எடுங்கள். நாய் கூடாது என்று குடியிருப்புச் சங்கம் தீர்மானம் போட முடியாது என்று விலங்குகள் நல வாரியம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், உங்களுக்கு உடம்புக்கு முடியாமல் போனால் யார் பார்ப்பார்கள் என்பதையும் முடிவு செய்யுங்கள். நான் என் தங்கை மகனிடம் பேசிவிட்டேன். மாத்திரை அட்டவணையும் டாக்டர் எண்ணும் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கின்றன. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனே வந்து மருந்து கொடுக்கிறான். ஸ்வீட்டி அவன் கையிலும் வாங்கிச் சாப்பிடப் பழகிவிட்டது.