வழிகாட்டி நாய்க்குட்டியை வளர்த்து, விடைகொடுத்து அனுப்புவது எப்படி

பார்வையற்றவருக்கு வழிகாட்டப்போகும் நாய்க்குட்டி பெரும்பாலும் எட்டு வார வயதில் வளர்ப்புக் குடும்பத்திடம் வந்து, ஓராண்டோ அதற்குச் சற்று மேலோ வளர்ந்தபின் பயிற்சிப் பள்ளிக்குத் திரும்புகிறது. தடைகளைச் சுற்றிச் செல்வதும், வண்டி வரும்போது 'போ' என்று சொன்னாலும் நகராமல் நிற்பதும் பள்ளியில் கற்றுத்தரப்படும் பாடங்கள். எதற்கும் மிரளாத, எதன் பின்னாலும் ஓடாத நாயாக அதை வளர்த்துக் கொடுப்பதே குடும்பத்தின் வேலை.

குட்டி வீட்டுக்குள் நுழையும் நாளிலேயே, இது நம்முடைய நாய் அன்று, வேறொருவருக்காக வளர்க்கிறோம் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். கடைசி மாதத்தில் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவது அவர்களுக்கு இழைக்கும் அநீதி என்றே நான் கருதுகிறேன்.

பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து ஏறத்தாழ பதினான்காவது வாரம் வரை குட்டியின் மனம் புதியவற்றை எளிதில் ஏற்கும். ஆனால் அந்தக் காலத்தில் தடுப்பூசிகள் முழுமை பெற்றிருக்காது. தெருநாய்கள் நடமாடும் தரையில் விட்டால் பார்வோ என்னும் கொடிய குடல் நோய் தொற்றக்கூடும். ஆகவே தூக்கிக்கொண்டே உலகத்தைக் காட்டுங்கள். புதுச்சேரிக் கடற்கரைச் சாலை போல, மாலையில் வாகனப் போக்குவரத்து தடுக்கப்படும் சாலை நல்ல தொடக்க இடம்: அலையோசை, பலூன் விற்பவர், குழந்தைகளின் கூச்சல் எல்லாம் இருந்தும் நெருக்கடி இராது. தடுப்பூசிகள் முடிந்து, மருத்துவர் அனுமதித்த பிறகு ரயில் நிலையம், பேருந்து நிலையம், அதன்பின் மீன் வாடையும் நெரிசலும் மிகுந்த பெரிய மார்க்கெட் என்று படிப்படியாக அழைத்துச் செல்லுங்கள். வாலை ஒடுக்கிப் பின்வாங்கினால் இழுக்காமல், தொலைவில் நின்று பார்க்கவிட்டு, அது தானாக முன்வரும்போது பாராட்டுங்கள். தீபாவளி வெடிச்சத்தத்தை மட்டும் பழக்க முயலாதீர்கள். அன்று மூடிய அறையில் உடனிருப்பதே போதும்.

வெயிலில் புறங்கையைத் தார்ச்சாலையில் சில நொடிகள் வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் குட்டியின் பாதமும் வெந்துபோகும்.

வீட்டுக்குள் கடினமானது சாப்பாட்டு விஷயம். பாட்டி பாசத்தோடு நீட்டும் ஒரு வாய் சாம்பார் சாதத்தில் உள்ள வெங்காயம் நாய்க்கு நஞ்சு என்பது ஒருபுறமிருக்க, தட்டிலிருந்து உண்ணப் பழகிய நாய் நாளை ஓட்டலில் மேசைக்கடியில் அமைதியாகப் படுத்திருக்காது. உரிமையாளரின் கையை உதறிக் கீழே கிடக்கும் எலும்பை நோக்கிப் பாயும். எனவே அதன் உணவு அதன் கிண்ணத்தில், குறித்த நேரத்தில், உட்கார்ந்து காத்திருந்த பின்னரே கிடைக்கட்டும். பள்ளி தந்த கட்டளைச் சொற்களையே வீட்டிலுள்ள அனைவரும் சொல்ல வேண்டும். ஒருவர் 'வா' என்றும் மற்றவர் 'கம்' என்றும் அழைத்தால் குட்டி குழம்பிவிடும். வெளியே புறப்படும் முன் ஒரே சொல்லால் மலசலம் கழிக்கப் பழக்குங்கள். பார்வையற்றவருக்கு அந்தப் பழக்கம் எவ்வளவு உதவும் என்பதை எண்ணிப் பார்த்தால் பொறுமை தானே வரும்.

பிரிவு நெருங்கும்போது, அது எதற்கு அஞ்சுகிறது, எந்த உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்பவற்றை மறைக்காமல் எழுதி, தடுப்பூசி அட்டையோடு சேர்த்து வையுங்கள். பிள்ளைகள் பள்ளிக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து நாயை அனுப்பிவிடாதீர்கள். அவர்களே கயிற்றைப் பிடித்து வந்து பயிற்சியாளரிடம் கொடுக்கட்டும். அழுதால் அழட்டும், பெரியவர்களும் கண்ணீரை ஒளிக்க வேண்டியதில்லை.

இடுப்பு மூட்டுக் குறைபாட்டாலோ அச்சத்தாலோ சில நாய்கள் தேர்ச்சி பெறுவதில்லை. அப்படியானால் அதைத் திரும்ப ஏற்க முடியுமா என்பதை வீட்டில் முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள். தேர்ச்சி பெற்றபின் சந்திப்பது புதிய உரிமையாளரின் விருப்பம். அவர் இசைந்து நேரில் காணும்போது, நாய்க்குச் சேணம் (வழிகாட்டும் வேளையில் உடலில் மாட்டும் கைப்பிடி வார்) பூட்டியிருந்தால் பெயர் சொல்லி அழைக்காமல், அவர் அதைக் கழற்றும்வரை காத்திருங்கள்.