வீட்டுக் கம்ப்யூட்டரில் வைரஸ், விளம்பரத் தொல்லை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

"ஆன்டிவைரஸ் போட்டுத்தான் வச்சிருக்கேன், அப்புறமும் எப்படி வந்துச்சு?" மதுரையில் எந்த கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் கொஞ்ச நேரம் நின்றாலும் இந்தக் கேள்வி காதில் விழும். வாசலில் காவலாள் நிற்கத்தான் செய்கிறார். வீட்டுக்காரரே தோளில் கைபோட்டு உள்ளே கூட்டி வருபவரை அவர் என்ன செய்வார்? வீட்டுக் கணினிகளைப் பொறுத்தவரை, யாரோ எங்கிருந்தோ 'ஹேக்' செய்து நுழைவது அபூர்வம். 'நெக்ஸ்ட்', 'அலவ்', 'இன்ஸ்டால்' என்று யாரோ ஒருவர் படிக்காமல் அழுத்தியிருப்பார்.

கல்யாண சீசனில் நடப்பதைப் பாருங்கள். அச்சகத்திலிருந்து பத்திரிகை மாதிரி ஒன்று மெயிலில் வரும். திறந்தால் பெண் பெயர், மாப்பிள்ளை பெயர் எல்லாம் ஆங்கில எழுத்தும் குறியும் கலந்த குப்பையாகத் தெரியும். அது பாமினி எழுத்துருவில் அடித்தது, நம் கணினியில் அந்த எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். உடனே 'பாமினி ஃபாண்ட் ஃப்ரீ டவுன்லோடு' என்று தேடுகிறோம். திறக்கிற பக்கத்தில் நாலைந்து பச்சைப் பொத்தான்கள், எல்லாவற்றிலும் 'டவுன்லோடு'. பெரிதாகப் பளிச்சென்று இருப்பவை பெரும்பாலும் விளம்பரங்கள். உண்மையான இணைப்பு எங்கோ கீழே சின்ன எழுத்தில் கிடக்கும். பெரிய பொத்தானை அழுத்தினால் 'டவுன்லோடு மேனேஜர்' என்றோ வேறு பெயரிலோ ஒரு செட்டப் ஃபைல் இறங்கும். அதை ஓட்டினால் பிரவுசரின் முதல் பக்கம் மாறும், தேடுபொறி மாறும், எந்தத் தளத்துக்குப் போனாலும் விளம்பரம் குதிக்கும்.

எழுத்துரு ஃபைல் டி.டி.எஃப் அல்லது ஓ.டி.எஃப் என்று முடியும், ஜிப்புக்குள் இருக்கலாம். இ.எக்ஸ்.இ என்று முடிந்தால் திறக்காமலே அழித்துவிடுங்கள். சிக்கல் என்னவென்றால், விண்டோஸ் இந்தக் கடைசி மூன்றெழுத்தைத் தானாகவே மறைத்து வைக்கிறது. 'பில் டாட் பி.டி.எஃப் டாட் இ.எக்ஸ்.இ' என்ற ஃபைல் நம் கண்ணுக்கு 'பில் டாட் பி.டி.எஃப்' என்றுதான் தெரியும். விண்டோஸ் 11-இல் ஃபைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து 'வியூ', 'ஷோ', 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்று போய் டிக் போட்டுவிடுங்கள். இதை ஏன் இவர்கள் மறைத்து வைக்கிறார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. சரி, பத்திரிகை விஷயத்துக்கு வழி இன்னும் சுலபம்: பி.டி.எஃப்-ஆக அனுப்பச் சொல்லுங்கள், எழுத்துருவே தேவைப்படாது. தமிழில் டைப் அடிக்கவும் எதையும் இறக்க வேண்டாம். விண்டோஸ் 10, 11 இரண்டின் மொழி அமைப்பிலும் தமிழ் விசைப்பலகை இருக்கிறது.

நல்ல இலவச மென்பொருளை இறக்கும்போதும் கவனம் வேண்டும். அதை எழுதியவர்களின் சொந்தத் தளத்திலிருந்து எடுங்கள். இன்ஸ்டால் செய்யும்போது 'எக்ஸ்பிரஸ்', 'ரெகமெண்டட்' என்று இருப்பதை விட்டு 'கஸ்டம்' என்பதைத் தேர்ந்தெடுத்தால், கூடவே ஒட்டிக்கொண்டு வரும் டூல்பாரும் 'பி.சி. கிளீனரும்' முன்கூட்டியே டிக் போடப்பட்டு நிற்பது தெரியும். டிக்கை எடுத்துவிடலாம்.

இதைவிடப் பெரிய வினை 'கிராக்'. காசு கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருளையோ விளையாட்டையோ ஓசியில் ஓட்ட ஒரு ஃபைல். கூடவே ஒரு குறிப்பு இருக்கும்: 'முதலில் ஆன்டிவைரஸை ஆஃப் செய்யவும்'. இதைப் படித்த பிறகும் ஒருவர் ஆஃப் செய்கிறார் என்றால் என்ன சொல்வது? 'ஸ்டாப்' என்றும் 'டிஜேவியூ' என்றும் அழைக்கப்படும் ரான்சம்வேர் குடும்பம் உலகம் முழுக்கப் பரவியது பெரும்பாலும் இப்படிப்பட்ட கிராக் ஃபைல்கள் வழியாகத்தான். பிள்ளையின் முதல் பிறந்தநாள் படம் உட்பட எல்லாம் பூட்டிக்கொள்ளும், திறக்கப் பணம் கேட்பார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் போலீஸ் அமைப்பான யூரோபோலும் நெதர்லாந்து போலீசும் இரண்டு பாதுகாப்பு நிறுவனங்களோடு சேர்ந்து 2016-இல் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' தளத்தில் சில வகைகளுக்கு இலவசச் சாவி உண்டு, எல்லாவற்றுக்கும் இல்லை. அதனால் முக்கியமான படங்களை ஒரு வெளி ஹார்ட் டிஸ்கில் நகலெடுத்து, நகலெடுத்ததும் கழற்றி வையுங்கள். செருகியே விட்டால் அதுவும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும். கடிதம், கணக்குக்கு லிப்ரே ஆபீஸ், படம் திருத்த கிம்ப் மாதிரி முறையான இலவச மென்பொருள்கள் வீட்டு வேலைக்குத் தாராளமாகப் போதும். சர்வீஸ் கடையில் 'ஓ.எஸ். போட்டுத் தர்றோம்' என்றால் கிராக் செய்ததா, ஒரிஜினலா என்று கேட்க வெட்கப்பட வேண்டாம்.

கீழ் மூலையில் 'உங்கள் கணினியில் 5 வைரஸ்' என்று வந்துகொண்டே இருக்கிறதா? பெரும்பாலும் அது வைரஸே இல்லை. சீரியலோ கிரிக்கெட்டோ ஓசியில் பார்க்கப் போன தளத்தில், 'ரோபோ இல்லை என்று காட்ட அலவ் அழுத்தவும்' என்றதை நம்பி நோட்டிஃபிகேஷனுக்கு அனுமதி கொடுத்திருப்பீர்கள். குரோமில் செட்டிங்ஸ், 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி', 'சைட் செட்டிங்ஸ்', 'நோட்டிஃபிகேஷன்ஸ்' என்று போய்த் தெரியாத தளங்களை நீக்கினால் தீர்ந்தது. இதற்குப் போய் ஃபார்மேட் செய்பவர்கள் இருக்கிறார்கள்.

2024-இலிருந்து இதே மாதிரி இன்னொன்று பரவியிருக்கிறது, இது நிஜமாகவே ஆபத்து. 'மனிதர்தான் என்று நிரூபிக்க விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்தவும், பிறகு கன்ட்ரோல் வி, என்டர்' என்று ஒரு பக்கம் சொல்லும். நீங்கள் ஒட்டி ஓட்டுவது, உங்களுக்குத் தெரியாமல் அந்தப் பக்கம் நகலெடுத்து வைத்த அவர்களுடைய கட்டளை. எந்த நேர்மையான தளமும் இப்படிக் கேட்காது.

பென்டிரைவுக்கு வருவோம். பிராஜெக்ட்டைப் பிரிண்ட் எடுக்க ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோன பென்டிரைவைத் திரும்ப வந்து செருகினால், ஃபோல்டர் படங்களின் மூலையில் சின்ன அம்புக்குறி முளைத்திருக்கும். அவை ஷார்ட்கட்கள். அசல் ஃபோல்டர்களை வைரஸ் மறைத்து வைத்திருக்கிறது. ஷார்ட்கட்டை அழுத்தினால் வைரஸ் ஓடும், கூடவே அசல் ஃபோல்டரும் திறக்கும். அதனால் நமக்குச் சந்தேகமே வராது. 'ஃபைல் போச்சே' என்று பென்டிரைவை ஃபார்மேட் செய்யாதீர்கள், எல்லாம் உள்ளேதான் இருக்கிறது. முதலில் ஸ்கேன், அப்புறம் மறைந்தவற்றைக் காட்டச் சொல்லும் அமைப்பு. அடுத்த முறை அந்த ஒரு ஃபைலை மட்டும் கடையின் மெயிலுக்கு அனுப்பிவிடலாம்.

பயத்தில் இரண்டு ஆன்டிவைரஸ் போடுவதும் தவறு. ஒன்றோடொன்று மோதிக் கணினிதான் படுக்கும். விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் வீட்டுக்குப் போதும். ஆனால் விளம்பர மென்பொருளைத் தடுக்க 'விண்டோஸ் செக்யூரிட்டி'யில் 'ஆப் அண்ட் பிரவுசர் கன்ட்ரோல்', அதற்குள் 'ரெப்யூடேஷன் பேஸ்டு புரொடக்‌ஷன்' ஆன் ஆகியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

அப்டேட்டைத் தள்ளிப் போடாதீர்கள். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் பரவியபோது, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே கொடுத்திருந்தது. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-லும் ஆதரவு, அதாவது வழக்கமான பாதுகாப்பு அப்டேட், முடிந்துவிட்டது. பத்துக்கு நீட்டிப்புத் திட்டம் உண்டு. ஏழு ஓடும் பழைய லேப்டாப்பில் பேங்க் வேலை வேண்டாம்.

ஏற்கெனவே மாட்டிவிட்டீர்களா? முதலில் நெட்டைத் துண்டியுங்கள். பாஸ்வேர்டுகளை அதே கணினியில் மாற்றாமல் ஃபோனிலிருந்து மாற்றுங்கள். 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு' என்பதையும் அழுத்துங்கள், ஏனென்றால் பாஸ்வேர்டு இல்லாமலே லாகினைத் திருடும் வகைகளும் உண்டு. பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள், பேங்குக்கும் சொல்லுங்கள். ஃபார்மேட் செய்யும் முன், திரையில் வந்த செய்தியையும் பணம் போன விவரத்தையும் ஃபோனில் படம் பிடித்து வையுங்கள். புகார் கொடுக்கும்போது அவற்றைத்தான் கேட்பார்கள்.