பழைய பீர் கெக் ஃபிரிட்ஜில் கூலிங் பத்தலையா? கேஸ் அடிப்பதற்கு முன்னால் இதையெல்லாம் பாருங்கள்

புதுச்சேரியில் ஒரு ரெஸ்டாரன்ட் கை மாறினால் அதோடு கெக் ஃபிரிட்ஜும், அதாவது பீர் பீப்பாயை (கெக்) உள்ளே வைத்துக் குளிர்விக்கும் பெட்டியும், கை மாறும். வாங்கி வந்து பிளக்கைச் சொருகினால் மோட்டார் ஓடுகிறது, உள்விளக்கு எரிகிறது, ஆனால் பீர் 9 டிகிரிக்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது. குழாயைத் திறந்தால் பாதி கிளாஸ் நுரை. மெக்கானிக்கைக் கூப்பிட்டால் பெரும்பாலும் முதல் வார்த்தையே "கேஸ் இல்ல சார்" என்பதுதான்.

கேஸ் என்பது பெட்டியைக் குளிர்விக்கும் வாயு. அது பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்ந்துபோகிற பொருள் இல்லை. சீல் வைத்த குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். எங்காவது ஓட்டை விழுந்தால்தான் குறையும். ஆகவே அந்தச் சந்தேகம் வரிசையில் கடைசி. அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவற்றை நீங்களே பார்த்துவிடலாம். ஒரு தெர்மாமீட்டர், டார்ச், பழைய பெயின்ட் பிரஷ், ஸ்க்ரூ டிரைவர், மல்டிமீட்டர் இருந்தால் போதும்.

தொடங்கும் முன், பீரைக் குழாய்க்குத் தள்ளும் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரின் வால்வை மூடி, சிலிண்டரை வெளியே எடுத்து நிற்க வையுங்கள். அந்த வாயு காற்றைவிடக் கனம், பெட்டியின் அடியில் தேங்கும். கசிவு இருக்கும்போது தலையை உள்ளே விட்டு வேலை பார்ப்பது ஆபத்து. அறை ஜன்னலும் திறந்திருக்கட்டும்.

1. பின்பக்கத் தகட்டைப் படியுங்கள்

முதலில் வோல்டேஜ். 115 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று போட்டிருந்தால் அது அமெரிக்கப் பெட்டி. நம் 230 வோல்ட்டில் நேராகச் சொருகவே கூடாது.

அடுத்து எஸ்என், என், எஸ்டி, டி என்று ஓர் எழுத்துக் குறியைத் தேடுங்கள். எந்த வெயில் வரை இந்தப் பெட்டி தாங்கும் என்பதற்கான வகை அது. எஸ்என், என் இரண்டும் 32 டிகிரி வரை, எஸ்டி 38 வரை, டி 43 வரை. கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தொடும் ஊரில், அதுவும் சமையல்கட்டுப் பக்கத்தில், என் வகைப் பெட்டியை வைத்துவிட்டு 3 டிகிரி கேட்டால் அது எங்கே போகும்? அங்கே பழுது எதுவும் இல்லை, இடத்தைத்தான் மாற்ற வேண்டும்.

தகட்டில் கேஸின் பெயரும் எத்தனை கிராம் என்பதும் இருக்கும். போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

பெட்டியைக் குட்டி யானையில் படுக்கப் போட்டுக் கொண்டுவந்திருந்தால், நிமிர்த்தி ஒரு நாள் விட்டுவிட்டு அப்புறம் போடுங்கள். கம்ப்ரஸர் ஆயில் குழாயிலிருந்து இறங்கி வர வேண்டும். இன்னொன்று: 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் மழையில் இங்கே பல தெருக்களில் வெள்ளம் ஏறியது. கம்ப்ரஸர் அறையில் சேற்றுக்கோடு தெரிந்தால் ரிலேயையும் (கம்ப்ரஸரைக் கிளப்பிவிடும் சின்ன பாகம்) ஒயர் முனைகளையும் கழற்றிப் பார்க்காமல் கரண்ட் கொடுக்காதீர்கள்.

2. சரியாக அளந்து பாருங்கள்

கதவைத் திறந்து காற்றின் சூட்டை அளந்தால் தப்பான கணக்குதான் வரும். மோட்டார் நின்று ஓடும் ஒவ்வொரு சுற்றிலும் உள்காற்று பல டிகிரி ஏறி இறங்கும். ஒரு டம்ளரில் 250 மில்லி தண்ணீர் ஊற்றி, தெர்மாமீட்டரை அதில் போட்டு, கெக்கின் நடு உயரத்துக்கு வருகிற மாதிரி வையுங்கள். 12 மணி நேரம் கதவைத் திறக்காதீர்கள். தண்ணீர் 3, 4 டிகிரி காட்டினால் பெட்டி நன்றாக இருக்கிறது.

கெக்கோடு சோதிப்பதாக இருந்தால் பொறுமை வேண்டும். 32 டிகிரியில் இருக்கும் 50 லிட்டர் கெக்கை 4 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 1.6 யூனிட் அளவு வெப்பத்தை வெளியே இறைக்க வேண்டும். சின்ன கம்ப்ரஸர் நிகரமாக 100 வாட் இறைத்தால் அதற்கே 16 மணி நேரம். காலையில் கெக்கை இறக்கிவிட்டு ராத்திரி "கூலிங் பத்தலை" என்றால் பெட்டி என்ன செய்யும்? ஒரு முழு நாள் கொடுங்கள், மே மாதத்தில் ஒன்றரை நாள்.

முதல் கிளாஸ் மட்டும் நுரைத்து, உடனே பிடிக்கிற இரண்டாவது கிளாஸ் சரியாக வந்தால் குறை மேலே பீர் பிடிக்கும் குழாய் நிற்கும் தூணில், அதாவது டவரில். அங்கே நிற்கும் பீர்க்குழாய் சூடாகிறது. ஏசி செப்புக்குழாய்க்குப் போடுகிற கறுப்பு ஃபோம் குழாயை டவருக்குள் பீர்க்குழாய் மேல் மாட்டுங்கள். பெட்டிக்குள்ளிருந்து குளிர்காற்றை ஒரு ஹோஸ் வழியாக மேலே தள்ள, கம்ப்யூட்டரில் வரும் 12 வோல்ட் ஃபேன் ஒன்று போதும்.

3. கண்டென்சர்

உள்ளே இருந்து இழுத்த வெப்பம் வெளியேறும் இடம் இது. கடலோர ஊரில் தூசியும் உப்பு ஈரமும் சேர்ந்து அதன் சுருள் குழாய் மேல் கம்பளி மாதிரிப் பிடித்துக்கொள்ளும், கிச்சன் எண்ணெய்ப் புகையும் சேர்ந்தால் இன்னும் மோசம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, உலர்ந்த பிரஷால் மேலிருந்து கீழாக நீவிவிடுங்கள். மெல்லிய அலுமினியத் தகடுகள் உள்ள வகை என்றால் தகடு போகிற திசையிலேயே இழுக்க வேண்டும், குறுக்கே இழுத்தால் மடங்கிவிடும். பிறகு வாக்குவம் கிளீனர். கடைசியில் துடைக்க நல்ல தண்ணீரில் நனைத்த துணி போதும், உப்பு போர் தண்ணீர் வேண்டாம்.

ஃபேன் உள்ள பெட்டியானால், கம்ப்ரஸர் ஓடும்போது ஃபேனும் சுற்றுகிறதா பாருங்கள். விரலால் லேசாகச் சுண்டிவிட்டால் மட்டும் சுற்றத் தொடங்கினால் (பிளக் பிடுங்கிய நிலையில் சுண்டி, பிறகு போட்டுப் பாருங்கள்) ஃபேன் மோட்டார் போய்க்கொண்டிருக்கிறது. பின்னால் சுருள் குழாயே தெரியவில்லை என்றால் அது பக்கச் சுவருக்குள் இருக்கும். அந்தச் சுவர் சுடுவது இயல்பு, அங்கே 10 செ.மீ. இடைவெளி விடுங்கள்.

4. கதவு ரப்பர்

ஒரு பத்து ரூபாய் நோட்டை இடையில் வைத்துக் கதவை மூடி இழுங்கள். சற்று இறுக்கமாக வர வேண்டும். நாலு பக்கமும், முக்கியமாகக் கீழ் மூலைகளில் பாருங்கள். விறைத்த ரப்பரை ஹேர் டிரையரால் சூடாக்கி, இழுத்துச் சீராக்கலாம். கிழிந்திருந்தால் மாற்ற வேண்டியதுதான். டவருக்கு ஏறும் ஓட்டையும் வாயுக்குழாய் நுழையும் ஓட்டையும் அடைபட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அங்கே நுழையும் ஈரக்காற்றுதான் உள்ளே ஐஸ் சுவராக மாறுகிறது.

ஐஸ் கெட்டியாகக் கட்டியிருந்தால் 24 மணி நேரம் அணைத்து, கதவைத் திறந்து போட்டு உருக விடுங்கள். கத்தி, ஸ்க்ரூ டிரைவர் வைத்துக் குத்தாதீர்கள். ஒரு குத்தில் கேஸ் ஓடும் அலுமினியத் தகடு ஓட்டையாகும், அப்போது மெக்கானிக் சொல்வது உண்மையாகிவிடும்.

5. உறைபனியைப் பாருங்கள்

எல்லாவற்றிலும் அதிகம் சொல்லும் சோதனை இது. ஐஸ் இல்லாத காலிப் பெட்டியை அதிகக் குளிரில் வைத்து இரண்டு மணி நேரம் ஓட்டுங்கள். பிறகு உள்ளே குளிரும் தகட்டை டார்ச் அடித்துப் பாருங்கள். சில பெட்டிகளில் அதை ஒரு பிளாஸ்டிக் மூடி மறைத்திருக்கும், நாலு ஸ்க்ரூதான்.

தகடு முழுவதும் மெல்லிய வெள்ளைப் பூச்சு சீராக இருந்தால் கேஸ் சரியாக இருக்கிறது. யார் சொன்னாலும் கேஸ் அடிக்க வேண்டாம். அப்படியும் பெட்டி குளிரவில்லை என்றால் உள்ஃபேன் சுற்றவில்லை, அல்லது கெக் காற்று வழியை அடைத்துக்கொண்டிருக்கிறது.

மெல்லிய குழாய் வந்து சேரும் முனையில் ஒரு சாண் மட்டும் பனி, மீதித் தகடு ஈரமாகவோ வெறுமையாகவோ இருந்தால் கேஸ் குறைவு அல்லது அடைப்பு. இரண்டையும் பிரித்தறிய, கண்டென்சர் முடிவில் இருக்கும் விரல் பருமன் ஃபில்டரைத் தொடுங்கள். அது அறையைவிடச் சற்றுச் சூடாக இருக்க வேண்டும். ஜில்லென்று வியர்த்திருந்தால் அடைப்பு.

எங்குமே பனி இல்லை, கண்டென்சரும் சுடவில்லை, கம்ப்ரஸர் மட்டும் ஓடுகிறது என்றால் கேஸ் மொத்தமும் போயிருக்கும், இல்லையேல் கம்ப்ரஸருக்கு அழுத்தம் கொடுக்கும் திறன் போய்விட்டது.

6. ஓடுகிறதா, முயற்சி மட்டும் செய்கிறதா?

"டிக்", சில நொடி உறுமல், மறுபடி "டிக்", பிறகு அமைதி. சில நிமிடம் கழித்து மீண்டும் அதே கதை. இப்படிக் கேட்டால் முதலில் வோல்டேஜைப் பாருங்கள், அதுவும் கம்ப்ரஸர் கிளம்ப முயலும் அந்த நொடியில். நீளமான மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயர் இருந்தால் அதைத் தூக்கிவிட்டு நேரடி பாயின்ட்டில் கொடுங்கள். 200க்குக் கீழே விழுந்தால் ஸ்டெபிலைசர் தேவை. வோல்டேஜ் சரியென்றால் ரிலேயைக் கழற்றிக் குலுக்குங்கள். உள்ளே கலகலவென்றால் அது உடைந்துவிட்டது. அதே கம்ப்ரஸருக்கான ரிலேயும் ஓவர்லோடும் (சூடு ஏறினால் கரண்டை வெட்டும் பாகம்) வாங்கி மாட்டுங்கள். ஒவ்வொரு முறை அணைத்த பிறகும் 5 நிமிடம் விட்டுத்தான் போட வேண்டும்.

கம்ப்ரஸர் சீக்கிரமே நின்றுவிட்டு, தண்ணீர் 8 டிகிரியிலேயே இருந்தால் தெர்மோஸ்டாட்டைச் சந்தேகப்படலாம். அதன் மெல்லிய செப்பு முனை குளிரும் தகட்டோடு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள், கிளிப் கழன்றிருப்பது சகஜம். மாற்றுவதானால் டிஜிட்டல் கன்ட்ரோலரே மேல். அதில் 3 டிகிரி, 2 டிகிரி வித்தியாசம், 5 நிமிடத் தாமதம் என்று செட் செய்யுங்கள். அதன் சென்சாரைக் கெக்கின் பக்கத்தில் ஒட்டி, மேலே ஒரு துண்டு ஃபோம் வைத்து டேப் சுற்றுங்கள்.

7. கேஸ்தான் என்று உறுதியானால்

இனி மெக்கானிக் வேலை. பின்பக்கத் தகட்டில் கேஸின் பெயர் ஆர்600ஏ என்று இருந்தால் அது தீப்பிடிக்கும் வாயு. கேஸை வெளியேற்றாமல் குழாயில் நெருப்பு வைக்கிறவரிடம் கொடுக்காதீர்கள். அதற்குப் பதில் ஆர்134ஏ என்ற வேறு கேஸை ஏற்றுகிறேன் என்பவரிடமும் வேண்டாம். ஓட்டையைக் கண்டுபிடித்து அடைக்க வேண்டும் (நைட்ரஜன் அழுத்தத்தில் சோப்பு நுரை போட்டுப் பார்ப்பார்கள், இந்த ஊரில் செம்பும் அலுமினியமும் சேரும் ஜாயின்ட்டில் முதலில் தேடச் சொல்லுங்கள்), ஃபில்டர் புதிதாக மாற்ற வேண்டும், பம்ப் வைத்து அரை மணி நேரமாவது வாக்குவம் இழுக்க வேண்டும், பிறகு தராசில் எடை பார்த்துக் கேஸ் ஏற்ற வேண்டும். ஆர்600ஏவில் மொத்தமே சில பத்து கிராம்தான். கையால் தொட்டுப் பார்த்துக் "கரெக்டா இருக்கு சார்" என்பது அங்கே செல்லாது.

முடிந்ததும் டம்ளர் தண்ணீர் சோதனையை மறுபடி செய்யுங்கள். என்ன கேஸ், எத்தனை கிராம், எந்தத் தேதி என்று கம்ப்ரஸர் பக்கத்தில் மார்க்கரால் எழுதச் சொல்லுங்கள். பெட்டி அடுத்த கைக்குப் போகும்போது அவருக்கும் உதவும்.