பிற்கால ரோமச் சட்டங்களைப் படிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிற்கால ரோமப் பேரரசின் சமூக வரலாற்றை எழுத முற்படுவோர் பெரும்பாலும் முதலில் கையில் எடுப்பது தியோடோசியஸ் சட்டத் தொகுப்பைத்தான். இரண்டாம் தியோடோசியஸ் 429-இல் பணித்து 438-இல் வெளியிட்ட அத்தொகுப்பின் 16 நூல்களில், கான்ஸ்டன்டைன் தொடங்கிப் பேரரசர்கள் பிறப்பித்த ஆணைகள் பொருள்வாரியாக அடுக்கப்பட்டிருப்பதால், ஒரு சமூகமே நம் முன் வரிசைகட்டி நிற்பதுபோலத் தோன்றும். ஆணை சொன்னபடியே மக்கள் வாழ்ந்தார்கள் என்று எழுதிவிடும் பிழை அங்கேதான் தொடங்குகிறது.

மணவிலக்கை எடுத்துக்கொள்வோம். கணவன் கொலைகாரன், நஞ்சோ சூனிய மருந்தோ வைப்பவன், கல்லறையைச் சிதைப்பவன் என்று மெய்ப்பித்தால் மட்டுமே மனைவி அவனை விலக்கலாம் என்கிறது கான்ஸ்டன்டைனின் 331-ஆம் ஆண்டு ஆணை. குடிகாரன், சூதாடி, பெண்பித்தன் என்ற காரணங்களுக்காக விலகுபவள், தலையில் செருகிய ஊசி உட்பட அனைத்தையும் கணவன் வீட்டிலேயே விட்டுவிட்டுத் தீவுக்கு நாடுகடத்தப்பட வேண்டும். ஆண்களுக்கும் இதில் கட்டுப்பாடு உண்டு, தண்டனைதான் இலேசு. இதை மட்டும் படிப்பவர், கிறிஸ்தவம் வந்ததும் மணவிலக்கு ஒழிந்தது என்று முடிவுகட்டிவிடுவார். ஆனால் இந்த ஆணை ஒருதலைப்பட்சமாக விலக்குவதைப் பற்றியது; இருவரும் மனமொத்துப் பிரிவதை அது தொடவே இல்லை. எகிப்தில் கிடைத்துள்ள ஆறாம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் (நாணற்புல் தாள்) ஏடுகளில், தம்பதியர் ஒருவர்மேல் ஒருவர் பழி சுமத்தாமல், ஏதோ ஒரு தீய ஆவி தங்களிடையே புகுந்துவிட்டதாக எழுதிக் கையொப்பமிட்டு, இருவரும் மறுமணம் செய்துகொள்ள உரிமை அளித்துக்கொள்கிறார்கள். அப்படிப்பட்ட இசைவுப் பிரிவை 542-இல் பேரரசர் ஜஸ்டினியன் தடைசெய்ய, அவருக்கு அடுத்து வந்த இரண்டாம் ஜஸ்டின் 566-இல் அத்தடையை நீக்கிவிட்டார். ஆணையையும் ஏட்டையும் அருகருகே வைக்காமல் இந்த வரலாற்றை எழுதவே முடியாது.

ஒரே ஆணை திரும்பத் திரும்ப வந்தால் யாரும் அதை மதிக்கவில்லை என்று கொள்வது மற்றொரு பழைய பழக்கம். நகர மன்ற உறுப்பினர்களின் கடமைகளைப் பற்றிய தலைப்பில் மட்டும் 192 ஆணைகள் உள்ளன. அதைக் காட்டியே பேரரசு செயலிழந்துவிட்டதாக எழுதியவர்கள் உண்டு. பல ஆணைகள் ஓர் அதிகாரியின் அறிக்கைக்கோ ஒரு தரப்பின் மனுவுக்கோ அளிக்கப்பட்ட விடைகள் என்பதை அவர்கள் போதிய அளவு கருதவில்லை. புதிய பேரரசரிடம் பழைய விதியை உறுதிசெய்து தருமாறு கேட்பதற்கு, அந்த விதி பயன்பாட்டில் இருந்ததே காரணமாகவும் இருக்கலாம். அதற்காகச் சட்டங்கள் அனைத்தும் ஒழுங்காக நடைமுறையில் இருந்தன என்று மறுகோடிக்குத் தாவுவதும் சரியல்ல.

தொகுப்பாளர்களின் கத்தரிக்கோலையும் மறக்கக் கூடாது. ஆணை ஏன் பிறந்தது என்பதைச் சொல்லும் முன்னுரைகளை அவர்கள் நீக்கினார்கள்; ஒரே கடிதத்தைத் துண்டாக்கிப் பல தலைப்புகளில் சேர்த்தார்கள். எனவே கிடைக்கும் இடங்களில் முழு வாசகத்தைத் தேடிப் படிக்க வேண்டும்: பதிப்பித்த அறிஞர் சிர்மோன் பெயரால் வழங்கும் 16 ஆணைகளும், 438-க்குப் பின் வந்த நொவெல்லாக்களும் (தொகுப்புக்குப் பிந்தைய புதிய ஆணைகள்) இதற்கு உதவும். ஆணை யாருக்கு அனுப்பப்பட்டது என்பதைப் பார்க்காமல், ஆப்பிரிக்க ஆளுநருக்கு எழுதியதைச் சிரியாவின் நடைமுறையாகக் காட்டுவதும் அடிக்கடி காணப்படும் குறை.

முற்காலச் சட்ட அறிஞர்களின் எழுத்துகளிலிருந்து எடுத்த பகுதிகளைத் தொகுத்து 533-இல் வெளிவந்த ஜஸ்டினியனின் டைஜெஸ்டில் இந்த ஆபத்து இன்னும் கூடுதல். அதில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் இடம்பெறும் சட்ட அறிஞர் உல்பியன், மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதியவர். அவர் வரியைக் காட்டி ஆறாம் நூற்றாண்டுக் கான்ஸ்டான்டிநோபிளின் தெருவை வருணிப்பது முந்நூறு ஆண்டுப் பிழை.

பாப்பிரஸ் சான்றுகளை, எகிப்து தனி உலகம் என்று சொல்லி ஒதுக்குவதும் இனிச் செல்லாது. 1993-இல் இன்றைய ஜோர்தானிலுள்ள பெத்ராவின் தேவாலயம் ஒன்றில் கருகிய நிலையில் கிடைத்த ஆறாம் நூற்றாண்டு ஏடுகளில், எகிப்துக்கு வெளியே வாழ்ந்த குடும்பங்களின் சொத்து, வரி, வழக்கு விவகாரங்கள் கிரேக்க மொழியில் பதிவாகியிருக்கின்றன.