மும்பையில் வீடு எடுத்திருக்கிறீர்களா? வைஃபை பெட்டியின் இடத்தை நீங்களே முடிவு செய்யுங்கள்

செம்பூரிலோ மாட்டுங்காவிலோ டோம்பிவிலியிலோ வீடு எடுக்கும் நம்மவர்கள் டெபாசிட், பதினொரு மாத ஒப்பந்தம், சொசைட்டி என்னும் குடியிருப்புச் சங்கத்தின் அனுமதி என்று எல்லாவற்றையும் துருவித் துருவி விசாரிக்கிறார்கள். இணைய இணைப்பு கொடுக்க வருபவரை மட்டும் அவர் போக்கில் விட்டுவிடுகிறார்கள். அவர் கேபிள் நுழைகிற இடத்திலேயே, வாசல் கதவுக்கு மேல், வைஃபை பெட்டியான ரவுட்டரை மாட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். அப்புறம் படுக்கையறையில் சிக்னல் கிடைக்காமல், கூடுதல் பணம் கட்டி வேகமான திட்டத்துக்கு மாறுகிறார்கள். அது வீண்செலவு. 100 எம்பிபிஎஸ் (இணைய வேகத்தின் அளவு) திட்டத்தில் சுவரைத் தாண்டாத சிக்னல் 300 எம்பிபிஎஸ் திட்டத்திலும் தாண்டாது.

ஆகவே, இணைப்பு தரும் அன்று வீட்டில் இருங்கள். இந்தி வராவிட்டாலும் இவ்வளவு சொன்னால் போதும்: "ரவுட்டர் இதர் நஹீ, பீச் மே லகாயியே. தார் வஹா தக் லே ஜாயியே." இங்கே வேண்டாம், நடுவில் மாட்டுங்கள், கம்பியை அதுவரை கொண்டுபோங்கள் என்று பொருள். அன்றைக்கே சொல்வது முக்கியம். ஃபைபர் கம்பியைச் சாதாரண மின்கம்பி போல நாமே வெட்டி ஒட்ட முடியாது. அதற்கென்று கருவி வேண்டும். கூர்மையாக மடக்கினாலும் உள்ளேயிருக்கும் கண்ணாடி இழை பழுதாகும்.

எந்த இடம் நல்லது? ஹாலும் படுக்கையறையும் சந்திக்கும் சுவரின் பக்கம், தலை உயரத்துக்குச் சற்று மேலே, திறந்த வெளியில். டிவிக்குப் பின்னால், இரும்பு பீரோவின் மேல், ஆளுயரக் கண்ணாடிக்கு அருகில் வைக்க வேண்டாம். உலோகம் அலைகளைத் திருப்பி அனுப்பிவிடும். கண்ணாடியின் பின்பூச்சும் அப்படித்தான். தண்ணீர் அலைகளை உறிஞ்சிக்கொள்ளும். குழாயில் சில மணி நேரமே தண்ணீர் வருகிற ஊர் என்பதால், இங்கே பல வீடுகளில் குளியலறைக்கு மேல் பரணில் தொட்டி இருக்கும். ஹாலுக்கும் படுக்கையறைக்கும் நடுவே அந்தக் குளியலறை வந்தால், தொட்டி, குழாய்கள், கம்பி வைத்துக் கட்டிய கான்கிரீட் மூன்றும் சேர்ந்து மறிக்கும். பெட்டியை இரண்டடி நகர்த்தி, கதவு வழியாக நேர்ப்பார்வை கிடைக்கச் செய்தாலே பெரும் வித்தியாசம் தெரியும். ஆன்டெனா இருந்தால் செங்குத்தாக நிறுத்துங்கள். அலைகள் பக்கவாட்டில் பரவும்.

ரவுட்டரில் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளும் உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். 2.4 தொலைவு போகும். ஆனால் அடுக்குமாடியில் அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் எல்லாம் அதில்தான் முட்டிக்கொள்ளும், மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையில் குறுக்கிடும். 2.4-இல் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் (அலைவரிசைக்குள் இருக்கும் தடங்கள்) 1, 6, 11. அவற்றில் நெரிசல் குறைந்ததை ரவுட்டரின் செட்டிங்ஸில் தேர்ந்தெடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் உள்ளறை எட்டவில்லை என்றால் சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்பும் மலிவான ரிப்பீட்டர் வாங்கத் தோன்றும். அவற்றில் பலவும் ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்புவதால் வேகம் பாதியாகிவிடும். என் பரிந்துரை, ஒரு ஈதர்நெட் கம்பியை உள்ளறைக்கு இழுத்து, அங்கே இன்னொரு ரவுட்டரை அக்சஸ் பாயிண்டாக, அதாவது கம்பியில் வரும் இணைப்பை அந்த அறையில் வைஃபையாகத் தரும் பெட்டியாக, அமைப்பது. துளை போட்டால் டெபாசிட்டில் கழிப்பார்களோ என்ற பயம் வேண்டாம். தட்டையான கம்பியாக வாங்கினால் கதவின் அடியிலேயே போய்விடும். கம்பிக்கு வழியே இல்லாவிட்டால் மட்டும் ரிப்பீட்டர். அதையும் சிக்னல் செத்த அறையில் அல்ல, பாதி வழியில், சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் பிளக்கில் செருகுங்கள்.